தென் துருவம் வரைக்கும் நடந்து போக எத்தனை கிலோ சாப்பாடு வேணும்? கணக்குப் போடற வழி

கல்யாணத்துக்கு இலைக்கணக்கு போடறவங்க எப்பவுமே நூறு இலை எச்சாத்தான் போடுவாங்க, மிஞ்சுனா அக்கம்பக்கம் குடுத்துக்கலாம், பத்தாமப் போனாத்தான் மானக்கேடு. துருவப் பயணத்துக்கு அந்தக் கணக்கு ஆவாதுங்க. அங்க எச்சா எடுத்துட்டுப் போற ஒவ்வொரு கிலோவையும் இடுப்புல பெல்ட் கட்டி ஸ்லெட்ஜ்ல (பனியில வழுக்கிட்டுப் போற சக்கரமில்லாத வண்டி) வெச்சு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் நாமளே இழுக்கோணும். எடை கூடுனா வேகம் குறையும், வேகம் குறைஞ்சா நாள் கூடும், நாள் கூடுனா இன்னும் சாப்பாடு வேணும், சாப்பாடு கூடுனா மறுபடியும் எடை. இந்தச் சுத்துல இருந்து வெளிய வந்து ஒரு நம்பர்ல நிக்கறதுதான் மொத்த வேலையும். பெரிய கணக்கெல்லாம் தேவையில்லைங்க, பத்தாவது கணக்கு தெரிஞ்சவங்க ஒரு நோட்டும் கால்குலேட்டரும் வெச்சுட்டு ஒரு சாயங்காலத்துல போட்டுடலாம். கோபில டியூஷன் பசங்களுக்கு இருபடிச் சமன்பாடு எதுக்கு ஆகும்னு கேட்டா நான் இதைத்தான் போடச் சொல்றது.

ஒரே உதாரணத்தை வெச்சு கடைசி வரைக்கும் போயிடலாம். நாலு பேரு. அண்டார்டிகா கடலோரத்துல ஹெர்குலிஸ் இன்லெட்னு ஒரு எடம், தெற்கு அட்சம் 80 டிகிரி, நெறைய பேரு அங்க இருந்துதான் கிளம்பறாங்க. துருவம் 90 டிகிரி. ஒரு டிகிரி அட்சம்னா 111 கிலோமீட்டர், அதனால பத்து டிகிரிக்கு 1,110, கொஞ்சம் வளைஞ்சு போறதையும் சேத்து 1,130 கிலோமீட்டர்னு வெச்சுக்கங்க. போய்ச் சேந்தா திரும்பறதுக்கு விமானம் வரும், நடுவுல யாரும் சாப்பாடு கொண்டாந்து குடுக்க மாட்டாங்க. நவம்பர்ல கிளம்பி ஜனவரில முடிக்கோணும், அப்பத்தான் அங்க கோடைகாலம், கோடைன்னாலும் மைனஸ் இருபது முப்பதுல போகும்.

நெறைய பேரு என்ன பண்றாங்கன்னா மொதல்ல என்ன சாப்பாடுன்னு ஆரம்பிச்சுடறாங்க. இல்லீங்க, மொதல்ல நாளுக்கணக்கு. ஆனா நாளைக் கண்டுபிடிக்க எடை தெரியோணும், எடைக்கு நாள் தெரியோணும், அப்ப எங்க பிடிக்கறதுன்னா ஏதோ ஒரு நாளை உத்தேசமா வெச்சு ஆரம்பிச்சு, திருப்பித் திருப்பி போட்டு, நம்பர் அசையாம நிக்கற வரைக்கும் போகோணும்.

அதுக்கு மூணு விஷயம் வேணும். ஒண்ணு, தின்னாலும் குறையாத எடை, அதாவது டென்ட், ஸ்லீப்பிங் பேக், ஸ்டவ், துணிமணி, சாட்டிலைட் போன், ஸ்லெட்ஜ் எல்லாம் சேந்து ஆளுக்கு 40 கிலோன்னு வெச்சுக்கலாம். ரெண்டாவது, ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு ஆகற சாப்பாடு, ஸ்டவ்வுக்கு எரிபொருள், கவர் டப்பா எல்லாம் ஒட்டுக்கா 1.3 கிலோ (இது எப்படி வந்துச்சுன்னு கீழ சொல்றேன்). மூணாவது எடைக்கும் வேகத்துக்கும் இருக்கற உறவு. இந்தக் கணக்குக்கு நான் வெச்சுருக்கற விதி: ஒரு நாளைக்கு ஆகற கிலோமீட்டர் = 28 − (ஸ்லெட்ஜ் எடை ÷ 10). நூறு கிலோ இழுத்தா 18 கிலோமீட்டர், அறுபது இழுத்தா 22. இது கணக்குக்காக வெச்ச விதிதானுங்க, நெசமா போறவங்க பனியில இழுத்துப் பழகறப்ப அவங்கவங்க நம்பரை அளந்து இங்க போட்டுக்கோணும், அடுத்தவங்க வேகத்தைக் கடன் வாங்கி நம்ம சாப்பாட்டைக் கணக்குப் பண்ணக் கூடாது.

இப்பப் போடலாம். மொதல்ல ஆசைக்கு ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர்னு வெச்சா 1,130 ÷ 25 = 45.2, மேல ஏத்தி 46 நாள். 46 நாளுக்கு 1.3 வீதம் 60 கிலோ. கிளம்பறப்ப ஸ்லெட்ஜ் 100 கிலோ, முடியறப்ப 40 கிலோ, தினமும் ஒரே அளவா குறையறதால சராசரி 70. சராசரி வேகம் 28 − 7 = 21. 1,130 ÷ 21 = 53.8, அதாவது 54 நாள். பாத்தீங்களா, 46க்கு சாப்பாடு எடுத்துட்டுப் போயிருந்தா கடைசி எட்டு நாள் பட்டினி. சரி, 54 நாளுக்குத் திருப்பிப் போடுங்க: 70.2 கிலோ சாப்பாடு, சராசரி எடை 75.1, வேகம் 20.5, நாள் 55.1, மேல ஏத்துனா 56. 56க்குப் போட்டா 72.8 கிலோ, சராசரி 76.4, வேகம் 20.36, நாள் 55.5, மறுபடியும் 56. நம்பர் நின்னுடுச்சு. 46, 54, 56, 56. நாள் N-னு வெச்சு N × (24 − 0.065N) = 1,130-னு இருபடிச் சமன்பாடா போட்டாலும் 55.4 வரும், அதுவும் 56தான். ஆனா சமன்பாட்டை விட இந்தத் திருப்பிப் போடற வழிதான் எனக்குப் பிடிச்சது, ஏன்னா எடை எப்படி நாளைத் தின்னுதுன்னு கண்ணு முன்னாடி தெரியுது.

இன்னும் முடியலைங்க. புயலடிச்சா டென்ட்டை விட்டு வெளிய வர முடியாது, நடக்காட்டியும் சாப்பிடோணும். அதுக்கு ஆறு நாள் ரிசர்வ் வைக்கலாம், 7.8 கிலோ. இதைக் கடைசி வரைக்கும் தொடாம இழுக்கறோம்னு மோசமான பக்கமே நெனைச்சுப் போடுங்க. சராசரி எடை 40 + 36.4 + 7.8 = 84.2, வேகம் 19.58, நாள் 58. 58க்கு சாப்பாடு கூடுதுல்ல, திருப்பிப் போட்டா 59, இன்னொரு தடவை போட்டாலும் 59. அதாவது ஆறு நாள் ரிசர்வ் வெச்சதுக்குக் கூலியா மூணு நாள் எச்சா நடக்கோணும். ரிசர்வ் சும்மா வராது. பத்து நாள், பதினஞ்சு நாள்னு பயத்துல ஏத்திட்டே போறவங்க இந்தக் கூலியைப் போட்டுப் பாக்கறதே இல்லை. ரிசர்வே வேண்டாம்னு சொல்லலைங்க, கட்டாயம் வேணும், எத்தனை நாளுங்கறதை இந்தக் கூலியைப் பாத்து முடிவு பண்ணுங்க.

ஆக 59 நாள் நடை, 6 நாள் ரிசர்வ், மொத்தம் 65 நாள் மூட்டை. ஆளுக்கு 84.5 கிலோ, கிளம்பறப்ப ஸ்லெட்ஜ் 124.5 கிலோ, மொத நாள் வேகம் 15 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. மொத வாரம் இப்படித்தான் ஊர்ந்து போகோணும், அதைப் பாத்து மனசு விட்டுடக் கூடாது.

இப்ப அந்த 1.3 கிலோ. ஸ்லெட்ஜ் இழுத்துட்டு நாள் பூரா பனியில நடக்கறவங்களுக்கு ஒரு நாளைக்கு 6,000 கலோரிக்கு மேல செலவாகும். பிரிட்டிஷ் பயணக்காரங்க ரனுல்ஃப் ஃபைன்ஸும் மைக் ஸ்ட்ரவுடும் 1992-93ல அண்டார்டிகாவை நடந்து கடந்தப்ப ஒரு நாளைக்கு 5,000 கலோரிக்கு மேல சாப்பிட்டும் ஆளுக்கு 20 கிலோவுக்கு மேல எளைச்சுட்டாங்க. ஸ்ட்ரவுடு டாக்டர், ஒடம்பு எவ்வளவு எரிக்குதுன்னு அவரே அளந்தாரு, சில நாளு பத்தாயிரத்தைத் தாண்டியிருக்கு. அப்ப முழுசா ஈடு கட்டற அளவுக்குக் கொண்டு போகலாமேன்னு தோணும். போட்டுப் பாருங்க: செலவு 6,500, சாப்பாடு 5,500, தினமும் 1,000 கலோரி துண்டு விழுது. 59 நாளுக்கு 59,000. ஒடம்புல ஒரு கிலோ கொழுப்புன்னா சுமாரா 7,700 கலோரி, அதனால ஏழே முக்கால் கிலோ எளைப்போம். அதே 1,000 கலோரியை சாப்பாடா கொண்டு போனா தினமும் 190 கிராம், மொத்தம் 11 கிலோ ஸ்லெட்ஜ்ல ஏறும், நாளும் கூடும். அதனாலதான் போறவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே நல்லாத் தின்னு ஏழெட்டு கிலோ ஏத்திட்டுப் போறாங்க. ஒடம்புல இருக்கற கொழுப்புக்கு கவரும் வேண்டாம், காய்ச்சறதுக்கு எரிபொருளும் வேண்டாம்.

5,500 கலோரியை 1,050 கிராம்ல அடக்கோணும். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4. எந்தப் பண்டத்துலயும் தண்ணி, நாரு, உப்புன்னு கொஞ்சம் இருக்கும், அதுக்கு பத்துல ஒரு பங்கு கழிச்சுட்டா 945 கிராம். கொழுப்பு x-னா 9x + 4(945 − x) = 5,500. சுருக்குனா 5x = 1,720, x = 344 கிராம். எடையில மூணுல ஒரு பங்கு கொழுப்பு, சக்தியில பாதிக்கு மேல. வீட்டுல தினமும் இப்படித் தின்னா டாக்டர் திட்டுவாரு, அங்க இது இல்லாம ஆவாது.

நம்ம ஊருப் பண்டத்தை வெச்சே இதைக் கட்டலாமான்னு போட்டுப் பாத்தேன், அருமையா வருது. ஒரு ஆளு, ஒரு நாளு: அவல் 250 கிராம் (875 கலோரி), ஊத்துக்குளி வெண்ணெய் உருக்குன நெய் 150 (1,350), நிலக்கடலையும் பாதாமும் கலந்து 200 (1,140), காங்கேயம் கொப்பரை 50 (330), சாக்லேட் 150 (810), பால் பவுடர் 100 (500), கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை 100 (380), வேக வெச்சு உலத்துன பருப்பு 50 (175). எடை 1,050 கிராம், கலோரி 5,560. கொழுப்பு 350 பக்கம் வருது, புரதம் 115 கிராம் பக்கம், அதுவும் போதும். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போற அதே கவுந்தப்பாடி சர்க்கரை தென் துருவத்துலயும் வேலைக்கு ஆவுங்கறது எனக்கு நெம்ப சந்தோசம். வைட்டமின் சி மட்டும் இந்த மூட்டையில இல்லை, அதுக்கு மாத்திரை, எடையே கிடையாது. பழைய காலத்துப் பயணக்காரங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது, ஸ்கர்வி வந்து பல்லு ஈறெல்லாம் போச்சு.

வாங்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு ராத்திரி வீட்டு ஃப்ரீசர்ல போட்டு எடுத்து மென்னு பாத்துடுங்க. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18தான், அங்க இன்னும் மோசம், ஆனா இதுலயே நெறையத் தெரிஞ்சுடும். கடலை மிட்டாய் கல்லாட்டம் ஆயிடும், கடவாய்ல வெச்சா பல்லு பேந்துரும், அதனால வெறும் கடலையாவே எடுத்துக்கறது நல்லது. சாக்லேட்டை கிளம்பறதுக்கு முன்னாடியே நகத்தளவு துண்டா ஒடச்சு வெச்சுடோணும், கையில ரெண்டு கிளவுஸ் போட்டுட்டு அங்க ஒடைக்க முடியாது. நெய்யை உருக்கி ஐஸ் ட்ரேயில ஊத்தி ஒரு கட்டி 25 கிராம்னு வாத்துட்டா தினமும் ஆறு கட்டி எண்ணிப் போட்டாப் போதும், தராசே வேண்டாம்.

அடுத்தது எரிபொருள், இது சாப்பாட்டுக் கணக்குல சேந்ததுதானுங்க, ஏன்னா அங்க தண்ணியே கிடையாது, பனியை உருக்குனாத்தான் குடிக்கறதுக்கும். மைனஸ் 30ல இருக்கற ஒரு கிலோ பனியை பூஜ்யத்துக்குக் கொண்டாற 15 கலோரி (இங்கயும் பெரிய கலோரிதான், சாப்பாட்டுக்குச் சொல்ற அதே அளவு), உருக்க 80, அப்பறம் 70 டிகிரிக்குச் சூடு பண்ண 70. மொத்தம் 165. உருக்கறதுக்கு ஆகற 80ஐத்தான் எல்லாரும் மறந்துடறாங்க, வெறும் பச்சைத் தண்ணி சுட வைக்கற மாதிரி கணக்குப் போட்டுடறாங்க. ஆளுக்கு அஞ்சு லிட்டர்னா 825 கலோரி. ஸ்டவ்வுல எரியற சூட்டுல பாதிதான் பாத்திரத்துல ஏறும்னு வெச்சா 1,650 வேணும். வெள்ளை பெட்ரோல் (கேம்ப் ஸ்டவ்வுக்கு ஊத்தற சுத்தமான பெட்ரோல்) லிட்டருக்கு 7,500 பக்கம் குடுக்கும், அப்ப 220 மில்லி, எடை 155 கிராம் பக்கம். சாப்பாடு 1.05 கிலோ, எரிபொருள் 0.16, கவர் டப்பா 0.09, ஆச்சா, 1.3.

மொத்த வாங்கலுக்கு ஆள்-நாள் கணக்கு. 4 பேரு × 65 நாளு = 260. நெய் 39 கிலோ, அவல் 65, கடலை பாதாம் 52, சாக்லேட் 39, கொப்பரை 13, பால் பவுடர் 26, சர்க்கரை 26, பருப்பு 13. எல்லாம் கூட்டுனா 273 வரும், இந்தப் பக்கம் 260 × 1.05 போட்டாலும் 273 வரும். ரெண்டு பக்கமும் ஒத்து வரலைன்னா கடைக்குப் போகாதீங்க, எங்கயோ தப்பு இருக்கு. எரிபொருள் 57 லிட்டர். நெய் 39 கிலோ வேணும்னா வெண்ணெய் 39 வாங்கக் கூடாது, உருக்குனா முக்கால் பங்குதான் நிக்கும், 39 ÷ 0.75 = 52 கிலோ வெண்ணெய்.

மூட்டை கட்டறதுலதான் எனக்கு நெம்பக் கவலை, ஏன்னா கூட்டல் பெருக்கல்ல பொழைச்சவங்க கூட வகுத்தல்ல மாட்டியிருக்காங்க. பிரிட்டிஷ் கேப்டன் ஸ்காட் 1911-12ல துருவத்துக்குப் போனப்ப சாப்பாடு பூராவும் நாலு பேருக்கு ஒரு வாரம்னு கட்டி வெச்சிருந்தாங்க. 1912 ஜனவரி ஆரம்பத்துல, கடைசிக் கட்டத்துக்கு நாலு பேருக்குப் பதிலா அஞ்சு பேரைக் கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணாரு. நாலு பேரு ஒரு வாரம்னா 28 ஆள்-நாள். அஞ்சு பேரு தின்னா 5.6 நாள். துருவத்துக்குப் போகாம அங்கிருந்தே திரும்பிப் போன மூணு பேருக்கு அதே மூட்டை 9 நாளு சொச்சம். எதுவுமே முழுசா வகுபடலை, மைனஸ் குளிர்ல டென்ட்டுக்குள்ள ஒக்காந்து பிஸ்கெட்டையும் வெண்ணெயையும் பிரிச்சுப் பிரிச்சு எடுக்கோணும். அஞ்சு பேருக்கு சமைக்க ஒரு நாளைக்கு அரை மணி நேரம் கூட ஆவுதுன்னு அவரே டைரில எழுதியிருக்காரு, நேரம் கூடுனா எரிபொருளும் கூடும். டிப்போல (திரும்பி வர்றப்ப எடுத்துக்கறதுக்கு வழியில முன்கூட்டியே சாப்பாடும் எரிபொருளும் வெச்சுட்டுப் போற எடம்) வெச்ச டின்னுல மண்ணெண்ணெய் வேற கசிஞ்சு குறைஞ்சு போயிருந்துச்சு. அவங்க ரேஷனே ஆளுக்கு 4,500 கலோரி பக்கம்தான், நாம மேல போட்ட செலவோட ஒப்பிட்டா தினமும் ரெண்டாயிரம் துண்டு.

அதனால நாலு பேருக்குன்னு ஒண்ணாக் கட்டாதீங்க, ஒரு ஆளு ஒரு நாளுன்னு தனித்தனி ஜிப்லாக் கவர், மேல மார்க்கர்ல நம்பர். ஒருத்தரு நடுவுல ஒடம்பு முடியாம விமானத்துல போயிட்டாலும் மிச்சக் கணக்கு கலையாது. கவர் எடை கொஞ்சம் கூடும், கூடட்டும். அப்பறம் ஒவ்வொரு ஸ்லெட்ஜ்லயும் சாப்பாடும் எரிபொருளும் கலந்தே இருக்கோணும். 1912 டிசம்பர்ல ஆஸ்திரேலியப் பயணத் தலைவர் மாசன் கூடப் போன நின்னிஸ் பனிப்பிளவுல விழுந்தப்ப, பெரும்பகுதி சாப்பாடும் டென்ட்டும் இருந்த ஸ்லெட்ஜ் அவரோடவே போயிடுச்சு, மிச்ச ரெண்டு பேருக்கு ஒன்றரை வாரச் சாப்பாடுதான் நின்னுச்சு.

போயிட்டு நடந்தே திரும்பறதா இருந்தா டிப்போ வைக்கோணும், அதுல சாப்பாட்டு எடையோட திசைக்கணக்கும் வருது. துருவத்தை மொதல்ல தொட்ட நார்வேக்காரரு அமுண்ட்சென் 80, 81, 82 டிகிரில டிப்போ வெச்சாரு, 80 டிகிரி டிப்போவுக்கு ரெண்டு பக்கமும் பத்துப் பத்து கொடி, சுமாரா 900 மீட்டருக்கு ஒண்ணு. பக்கத்துக்கு ஒன்பது கிலோமீட்டர். ஒரு டிகிரி தூரம் 111 கிலோமீட்டர், 9 ÷ 111 = 0.081, கோணமாப் பாத்தா நாலரை டிகிரி. அதாவது அடுத்த டிப்போல இருந்து வர்றவங்க நாலரை டிகிரி வழி தப்புனாலும் ஏதாவது ஒரு கொடியில முட்டிக்குவாங்க, கொடியில எழுதியிருக்கற நம்பரைப் பாத்தா டிப்போ எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடும். இதைப் படிச்சப்ப எனக்கு மெய்சிலிர்த்துப் போச்சு, இருபது துணித்துண்டுல இவ்வளவு கணக்கு. ஸ்காட்டோட ஒன் டன் டிப்போ 80 டிகிரில வைக்க வேண்டியது, 79 டிகிரி 29 நிமிசத்துலயே வெச்சுட்டாங்க. ஒரு டிகிரிக்கு 60 நிமிசம், அதனால 31 நிமிசம்னா 57 கிலோமீட்டர். திரும்பி வர்றப்ப கடைசில அவங்க டென்ட் போட்டு உசுரை விட்ட எடம் அந்த டிப்போவுக்கு 18 கிலோமீட்டர் தெற்க. குளிரு, எரிபொருள், நோவுன்னு காரணம் நெறைய இருந்துச்சு, இருந்தாலும் டிப்போ 80ல இருந்திருந்தா அதைத் தாண்டித்தான் வந்திருப்பாங்க.

கிளம்புனப்பறமும் கணக்கு நோட்டை மூடக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை டென்ட்ல ஒக்காந்து மூட்டையை எண்ணி, மிச்ச தூரத்தைப் பாத்து எழுதோணும். முப்பதாவது நாளு 590 கிலோமீட்டர் மிச்சம் இருக்குன்னு வைங்க. ஆளுக்கு ஒரு நாள் மூட்டை 35 நிக்கும், அதுல ரிசர்வ் 6 போக 29. 590 ÷ 29 = 20.3 கிலோமீட்டர் தினமும் வேணும். போன வாரச் சராசரி 18.5தான். பயந்துடாதீங்க, ஸ்லெட்ஜ் தினமும் 1.3 கிலோ குறையுது, நம்ம விதிப்படி தினமும் 0.13 கிலோமீட்டர் வேகம் ஏறும், 29 நாளோட நடுப்புள்ளியில பாத்தா 1.9 கூடி 20.4 ஆயிடும், சரியா வந்துடுது. ஆனா துருவத்துக்குக் கிட்டத்துல 2,800 மீட்டர் உசரம், மூச்சு வாங்கும், குளிரும் கூடும், அதனால அந்த ஏத்தத்துல பாதியை மட்டும் நம்புங்க: 19.45, 590 ÷ 19.45 = 30.3, அதாவது 31 நாள். ரிசர்வ்ல ரெண்டு மூட்டை போகும், நாலு நிக்கும். போகலாம்.

ஸ்காட்டுக்கு முன்னாடி போன பிரிட்டிஷ் பயணத் தலைவர் ஷாக்கிள்டன் 1909 ஜனவரி 9ல இதே கணக்கைப் போட்டுத்தான் துருவத்துக்கு 180 கிலோமீட்டர் முன்னாடி, 88 டிகிரி 23 நிமிசத்துல திரும்பிட்டாரு, கூட வந்த மூணு பேரையும் உசுரோட கொண்டாந்து சேத்தாரு. நம்ம பயணத்துக்கும் ஒரு திரும்பற நம்பரைக் கிளம்பறதுக்கு முன்னாடியே நாலு பேரும் கூடிப் பேசி நோட்டுல மொதப் பக்கத்துல எழுதி வெச்சுடுங்க. நான் வைக்கறது மூணு மூட்டை: போய்ச் சேரறப்ப ஆளுக்கு மூணு நாள் ரிசர்வுக்குக் கீழ நிக்கும்னு வாரக்கணக்குல எப்ப வந்தாலும் அன்னைக்கே சாட்டிலைட் போன்ல விமானத்துக்குச் சொல்லிடோணும், ஏன்னா வானம் தெளியாம விமானம் எறங்காது, அது வர்ற வரைக்கும் டென்ட்ல ஒக்காந்து திங்கறதுக்குத்தான் அந்த மூணு மூட்டை.